கிண்டிப் பந்தயமும் வென்றவர் பணமும்

பம்மலிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடல் தொலைவில்லை. ஆனால் பந்தயத்தில் பணம் கட்டுவதைப் பொறுத்தவரை இவ்விரு இடங்களையும் சட்டம் நெடுங்காலம் வெவ்வேறு உலகங்களாகவே நடத்தியது. சென்னை நகருக்குள் 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டமும், பம்மல் உள்ளிட்ட பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களில் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் பணம் வைத்து ஆடுவதைத் தண்டித்தன. குதிரைப் பந்தயத்துக்கு மட்டும், அது ஓடும் நாளில், திடலுக்குள் அதற்கென ஒதுக்கிய இடத்தில் கட்டும் பணம் சூதாகாது என்ற விலக்கு இருந்தது. அதே குதிரையின் மேல் அதே தொகையைப் பம்மலில் வாங்கியவர் குற்றவாளி. கிண்டியில் வாங்கிய புக்கி உரிமம் பெற்ற தொழிலர்.

விலக்கு தண்டனையிலிருந்துதான் காத்ததே தவிர, வென்றவர் பணத்துக்குப் பிணையாகவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய உடன்பாடுகள் செல்லாதவை என்றும், வென்றதாகச் சொல்லப்படும் தொகையைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது என்றும் விதித்தது. வென்ற குதிரைக்கென்று திரட்டப்படும் 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுத் தொகைக்கு மட்டும் அப்பிரிவு இடம் கொடுத்ததால், குதிரைக்காரரின் பரிசுக்குச் சட்டத்தின் ஆதரவு இருந்தது. அந்தக் குதிரையை நம்பிப் பணம் கட்டியவருக்கு இல்லை. இத்தடைக்கு முன்மாதிரியான 1845ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பிரிட்டன் 2007இல் கைவிட்டுவிட்டது.

எனவே பட்டுவாடா, 1896இல் அமைந்த மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் விதிகளையும், உரிமத்தை இழந்துவிடுவோம் என்ற புக்கியின் அச்சத்தையும் நம்பியே நடந்தது. புக்கி முன்கூட்டியே விகிதம் சொல்லித் தன் பணத்தைப் பணயம் வைப்பவர். டோட்டலைசேட்டர் என்ற கணக்குப் பொறியின் வழி நேர்மாறானது: கட்டிய பணம் முழுவதும் ஒரே தொகுப்பாகச் சேர்ந்து, வரியும் கிளப்பின் கழிவும் போக எஞ்சுவது வென்ற டிக்கெட்டுகளுக்குப் பங்கிடப்படும். ஒரு லட்சம் ரூபாய் சேர்ந்து, கழிவு போக 75,000 மிஞ்சி, வென்ற குதிரைக்கு 500 டிக்கெட்டுகள் விற்றிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாய் கிடைக்கும். எந்தக் குதிரை வென்றாலும் கிளப்பின் கழிவு மாறாது. பந்தயம் முடிந்து ஜாக்கியின் எடை சரிபார்க்கப்பட்டு, ஆட்சேபம் இருந்தால் அதுவும் தீர்ந்த பிறகே பணம் தரப்படும் என்பதால், முதலில் வந்த குதிரையின் டிக்கெட்டை வைத்திருப்பவர்கூட அதுவரை வென்றவராக மாட்டார்.

அரசு தன் பங்கில் மட்டும் ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை. நீதிமன்றம் ஏற்காத உடன்பாட்டிலிருந்து வரி வாங்குவது முறையா என்ற கூச்சமின்றி 1935ஆம் ஆண்டின் பந்தய வரிச் சட்டம் வந்தது. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் கிளப்பைக் கையகப்படுத்த இன்னொன்று வந்தது. அதை எதிர்த்த கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 12 அன்று, குதிரையின் பயிற்சியும் ஜாக்கியின் தேர்ச்சியும் முடிவைத் தீர்மானிப்பதால் இது பெரிதும் திறமை சார்ந்த ஆட்டமே என்று கூறி, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. கிளப் பிழைத்தது, 30ஆம் பிரிவு அப்படியே நின்றது.

2017இல் சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) 28 விழுக்காடாக வந்தபோது, அது கிளப்பின் கழிவின் மீதா, கட்டிய முழுப் பணத்தின் மீதா என்ற சண்டை மூண்டது. முழுப் பணத்துக்கும் வரி கேட்ட விதியைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளியது. ஆனால் விகிதம் குறையவில்லை, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக ஏறியது. இதற்கு மேல் 10,000 ரூபாயைத் தாண்டிய வெற்றித் தொகையில் வருமான வரியாக 30 விழுக்காடு பிடித்தம் உண்டு. இத்தனையும் கழித்துத் தரும் உரிமம் பெற்ற கவுண்டரைவிட, வரி கட்டாத திருட்டு புக்கி கூடுதல் விகிதம் சொல்வதில் வியப்பில்லை. அவர் பணம் தராமல் ஏமாற்றினால், வென்றவருக்கு முறையிட கிளப்பும் இல்லை, நீதிமன்றமும் இல்லை.