குருதியின் நிறம்

உயிரினங்களின் குருதியின் நிறம், அதில் ஆக்சிசனை ஏந்திச் செல்லும் மூச்சு நிறமிகளைப் பொறுத்து வேறுபடுகின்றது. இந்நிறமிகள் உலோக அணுக்களைக் கொண்ட புரதங்கள் ஆகும். உலோகத்தின் வகையும், அது புரதத்துடன் பிணைந்துள்ள முறையும் நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

சிவப்பு

முதுகெலும்பிகளின் செங்குருதியணுக்களில் இரும்பு கொண்ட ஈமோகுளோபின் உள்ளது. ஆக்சிசன் ஏற்ற குருதி ஒளிர்சிவப்பாகவும், அதை இழந்த குருதி கருஞ்சிவப்பாகவும் இருக்கும். தோலின் வழியே சிரைகள் நீலமாகத் தோன்றினும் அவற்றில் ஓடுவது கருஞ்சிவப்புக் குருதியே. மண்புழுவில் ஈமோகுளோபின் அணுக்களுக்குள் இல்லாமல் குருதி நீர்மத்திலேயே கரைந்துள்ளது.

நீலம்

எண்காலி, கணவாய், இறால், தேள், குதிரைலாட நண்டு முதலியவற்றில் செம்பு கொண்ட ஈமோசயனின் உள்ளது. இது ஆக்சிசனுடன் இணையும்போது நீலமாகவும், பிரியும்போது நிறமற்றும் காணப்படும்.

பச்சையும் ஊதாவும்

சில கடற்புழுக்களிலுள்ள குளோரோகுருவோரின் நீர்த்த நிலையில் பச்சையாகவும், செறிந்த நிலையில் சிவப்பாகவும் தோன்றும். வேறு சில கடல்வாழ் உயிரினங்களிலுள்ள ஈமெரித்ரின் ஆக்சிசன் ஏற்றபின் ஊதா நிறம் பெறும். இவ்விரண்டிலும் உள்ள உலோகம் இரும்பே.

நியூகினித் தீவின் சில அரணைகளின் குருதி பச்சை நிறமானது. இவற்றிலும் ஈமோகுளோபின் உண்டு. ஆனால் அது சிதைவதால் உண்டாகும் பிலிவெர்டின் என்னும் பித்த நிறமி மிகுதியாகத் தேங்கி, சிவப்பை மறைத்துவிடுகின்றது.

நிறமற்ற குருதி

அண்டார்க்டிக்கப் பனிமீன்களின் குருதியில் ஈமோகுளோபின் இல்லை. இதனை நோர்வே அறிவியலாளர் யோகான் ரூட் 1954ஆம் ஆண்டில் வெளியிட்டார். குளிர்ந்த நீரில் ஆக்சிசன் மிகுதியாகக் கரைவதாலும், இதயம் பெரிதாக இருப்பதாலும் இம்மீன்கள் உயிர்வாழ்கின்றன.

பெரும்பாலான பூச்சிகளில் மூச்சுக்குழல்கள் காற்றை நேரடியாகத் திசுக்களுக்குக் கொண்டு செல்கின்றன. எனவே அவற்றின் குருதிக்கு மூச்சு நிறமி தேவைப்படுவதில்லை. அது நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ வெளிர்பச்சையாகவோ இருக்கும். கொசுவை நசுக்கும்போது காணப்படும் சிவப்பு, அது உறிஞ்சிய பிற விலங்கின் குருதியாகும்.

மருத்துவப் பயன்பாடு

குதிரைலாட நண்டின் குருதியணுக்கள் பாக்டீரியா நச்சுப் பட்டவுடன் உறைகின்றன. இதற்கு நீல நிறமி காரணம் அன்று. இப்பண்பைக் கொண்டு ஊசி மருந்துகளும் தடுப்பூசிகளும் சோதிக்கப்படுகின்றன. குருதி எடுத்தபின் நண்டுகள் கடலில் விடப்பட்டாலும் ஒரு பகுதி இறந்துவிடுகின்றது. இதற்கு மாற்றாக, நண்டின் மரபணுவைக் கொண்டு ஆய்வகத்தில் உருவாக்கப்படும் புரதத்தைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் உருவாக்கினர்.