மது அடிமைத்தனத்தின் முன்னறிகுறிகள்: அறியப்பட்ட வரலாறு

மது அடிமைத்தனத்தின் முன்னறிகுறிகள் என்பவை, ஒருவர் குடியின் மீதுள்ள கட்டுப்பாட்டை முழுவதும் இழப்பதற்கு முன்பே அவரிடம் தோன்றும் மாற்றங்களாகும். வேலை போய், உடல் நலிந்து, தெருவில் விழுந்து கிடப்பவரை அடையாளம் காண யாருக்கும் மருத்துவ அறிவு தேவையில்லை. அந்நிலைக்குப் பல ஆண்டுகள் முன்பே தென்படும் சிறு அடையாளங்களைத் தொகுத்து, எளிய கேள்விகளாக்க மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் தேவைப்பட்டன.

முடிவை மட்டும் பார்த்த காலம்

18ஆம் நூற்றாண்டு வரை மிகுகுடி பெரும்பாலும் ஒழுக்கக் கேடாகவே கருதப்பட்டது. அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1784இல் சாராய வகைகள் உடலுக்குச் செய்யும் தீங்குகளைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். பின்னர் அவர் வெப்பமானி வடிவில் ஓர் அட்டவணையையும் அமைத்தார். அதன் உச்சியில் தண்ணீர் இருந்தது. கீழே இறங்க இறங்க மதுவின் கடுமை கூடியது. அதற்கேற்ப நோய், கடன், சிறை எனத் துன்பங்களும் கூடின. எனினும் அவர் காய்ச்சி வடித்த மதுவையே பெரிதும் எதிர்த்தார். பீரும் திராட்சை மதுவும் அளவோடு இருந்தால் நல்லவை என்றே எண்ணினார். அதாவது, அவர் அளந்தது மதுவின் கடுமையை. குடிப்பவரிடம் ஏற்படும் மாற்றத்தை அல்ல.

இங்கிலாந்துக் கடற்படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் டிராட்டர் ஒரு படி மேலே சென்றார். எடின்பரோவில் 1788இல் அளித்த ஆய்வேட்டையும் 1804இல் வெளியிட்ட நூலையும் குடிப்பழக்கம் குறித்தே எழுதினார். தொடர்குடி மனத்தைப் பற்றிய ஒரு நோய் என்பது அவர் கருத்து. 1849இல் சுவீடன் மருத்துவர் மாக்னஸ் ஹஸ், நெடுநாள் குடியால் நரம்புகளும் உள்ளுறுப்புகளும் கெடுவதை விவரித்து, அந்நிலைக்கு 'ஆல்கஹாலிசம்' என்ற பெயரை வழங்கினார். ஆனால் அவர் கண்டவர்கள் ஏற்கெனவே மருத்துவமனைக்கு வந்துவிட்ட நோயாளிகள். நோயின் தொடக்கம் அவர் பார்வைக்கு எட்டாத இடத்தில், வீடுகளில் இருந்தது.

குடித்தவர்களிடமே கேட்ட கேள்விகள்

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற பில் வில்சன், பாப் ஸ்மித் ஆகிய இருவரின் சந்திப்பிலிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் பிறந்தது. அதன் இதழான 'கிரேப்வைன்' 1945இல் தன் வாசகர்களுக்கு ஒரு வினாநிரலை வெளியிட்டது. குடி எப்போது தொடங்கியது, எந்த அறிகுறி எந்த வயதில் வந்தது என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. வந்த விடைகளில் 98 ஆண்களின் விடைகளை எல்வின் மார்ட்டன் ஜெல்லினெக் ஆராய்ந்து 1946இல் வெளியிட்டார். குடித்து மீண்டவர்கள் திரும்பிப் பார்த்துச் சொன்னதாலேயே நோயின் தொடக்கம் முதன்முறையாக விரிவாகத் தெரியவந்தது.

மேலும் பலரின் விவரங்களைச் சேர்த்து, 1952இல் அவர் குடிநோயை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். இரண்டாவது கட்டமே முன்னறிகுறிக் கட்டம். அதில் அவர் குறித்தவை:

- குடித்தபோது பேசியதும் செய்ததும் மறுநாள் நினைவில் இல்லாமை. இது மயக்கமன்று, அப்போது அவர் இயல்பாகவே நடமாடியிருப்பார்.
- பிறர் அறியாமல் குடித்தல்.
- விருந்துக்குப் போகும் முன்பே, அங்கு மது கிடைக்குமா, போதுமா என்ற நினைப்பு.
- முதல் சில கோப்பைகளை அவசரமாகக் குடித்து முடித்தல்.
- குடியைப் பற்றிய குற்றவுணர்வு.
- குடியைப் பற்றிய பேச்சையே தவிர்த்தல்.

இக்கட்டத்தில் வேலையும் குடும்பமும் பெரும்பாலும் குலையாமல் இருப்பதால் மற்றவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஜெல்லினெக்கின் பட்டியலில் இருந்த குறை

பெண்கள் அனுப்பிய விடைகள் சிலவே. அவை ஆண்களின் விடைகளிலிருந்து பெரிதும் வேறுபட்டதால் ஜெல்லினெக் அவற்றைத் தம் ஆய்வில் சேர்க்கவில்லை. எனவே அந்தப் படம் ஆண்களின் படமாகவே அமைந்தது. மேலும், எல்லோரிடமும் அறிகுறிகள் அதே வரிசையில் வருவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

1958இல் இங்கிலாந்து மருத்துவர் மாக்ஸ் கிளாட், கீழிறங்கும் கோட்டுடன் மீண்டு ஏறும் கோட்டையும் இணைத்து ஒரு வரைபடம் வெளியிட்டார். அது பல சிகிச்சை மையங்களின் சுவர்களில் இடம்பெற்றது. கோடு அடித்தளம் வரை இறங்கியாக வேண்டும் என்பதில்லை. எந்த இடத்திலிருந்தும் மேலே திரும்பலாம்.

சார்பு நிலை என்ற கருத்து

1976இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் ஆகியோர் 'மதுச் சார்பு நோய்த்தொகுதி' என்ற கருத்தை முன்வைத்தனர். அடிமை, அடிமையல்லாதவர் என்று இரண்டாகப் பிரிக்காமல், சார்பு சிறிது சிறிதாகக் கூடுவதாக அவர்கள் கொண்டனர். வேலை நாளில் ஒரு விதமாகவும் விடுமுறையில் வேறு விதமாகவும் குடித்தவர், நாளடைவில் எல்லா நாளும் ஒரே விதமாகக் குடிப்பது ஓர் அறிகுறி. பிள்ளையின் பள்ளி விழாவைவிடக் குடி முன்னுரிமை பெறுவது மற்றொன்று.

தாங்குதிறன் கூடுவதும் அவர்கள் பட்டியலில் உண்டு. "எவ்வளவு குடித்தாலும் அவர் நிதானம் தவறமாட்டார்" என்று வீட்டார் பெருமையாகச் சொல்வது உண்மையில் ஓர் எச்சரிக்கை. உடல் மதுவுக்குப் பழகிவிட்டது என்பதே அதன் பொருள். காலையில் கை நடுங்குவதும், குடித்ததும் அது நிற்பதும் சார்பு முற்றியதைக் காட்டும். அந்நிலையில் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

நான்கு கேள்விகள்

வட கரோலினாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் ஈவிங் உருவாக்கிய நான்கு கேள்விகள் 1984இல் வெளியான அவரது கட்டுரைக்குப் பின் பரவலாகப் பயன்பட்டன.

1. குடியைக் குறைக்க வேண்டும் என்று எண்ணியதுண்டா?
2. உங்கள் குடியைப் பிறர் குறை கூறி எரிச்சல் அடைந்ததுண்டா?
3. குடிப்பது பற்றிக் குற்றவுணர்வு கொண்டதுண்டா?
4. காலையில் எழுந்ததும் நடுக்கம் தணியக் குடித்ததுண்டா?

இரண்டுக்கு 'ஆம்' என்றால் மேலும் ஆராய வேண்டும். இவற்றுள் எதுவும் எத்தனை புட்டி என்று கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அளவையும் சேர்த்துக் கேட்கும் 10 கேள்விகள் கொண்ட வினாநிரலை உலக சுகாதார நிறுவனம் பின்னர் உருவாக்கியது.

தமிழ்நாட்டில்

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். இதன் மருத்துவமனை நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதோடு குடும்பத்தாருக்கும் தனியே பயிற்சி அளித்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. முதல் அறிகுறிகள் தோன்றும் இடம் வீடு என்பதால், குடும்பத்தாருக்கான பயிற்சி சிகிச்சையின் இன்றியமையாத பகுதியாகிறது.

இன்றைய நிலை

2013இல் வெளியான அமெரிக்க மனநலக் கையேடு 11 அறிகுறிகளைத் தருகிறது. அவற்றில் இரண்டு இருந்தாலே இலேசான பாதிப்பு எனக் கொள்கிறது. முற்றிய பிறகே நோய் என்று கூறிய காலம் இவ்வாறு முடிவுக்கு வந்தது. பழக்கத்தை மறைப்பது, அதைப் பற்றிய பேச்சைத் தவிர்ப்பது, குறைக்க முயன்று இயலாமற் போவது ஆகியவை புகையிலை, சூதாட்டம், இணைய விளையாட்டு போன்றவற்றிலும் கவனிக்க வேண்டியவை. இவற்றைத் தம்மிடமோ நண்பரிடமோ காணும் மாணவர், இன்னும் எதுவும் கெட்டுவிடவில்லையே என்று காத்திராமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அப்போதே சொல்வது நல்லது.