இரண்டு பேர் கையெழுத்துப் போடும் கணக்கு: அ.தி.மு.க.வின் ஒற்றைத் தலைமைச் சண்டை

குள்ளஞ்சாவடியில் எங்கள் பெரியப்பா வீட்டு பீரோவில் பட்டா, ரேஷன் கார்டு இவற்றோடு ஒரு அ.தி.மு.க. உறுப்பினர் அட்டையும் இருக்கும். எம்.ஜி.ஆர். காலத்தில் சேர்ந்தவர். கிளைச் செயலாளராகக்கூட ஆனதில்லை, ஆசைப்பட்டதும் இல்லை. 2022 ஜூன் 23 அன்று டிவியில் வானகரம் மண்டபத்துக் கூச்சலைப் பார்த்துவிட்டு, "இதுல நம்மள எவன்டா கேட்டான்?" என்றார். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் புரியவில்லை. இப்போது பி.காம் படிப்பில் கம்பெனி சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று தெரிகிறது.

நிறுவனங்களுக்கு விதிமுறை ஏடு ஒன்று உண்டு. யார் கூட்டம் கூட்டலாம், யார் கையெழுத்துச் செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கட்சிக்கும் அப்படித்தான். எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சியின் விதியில் ஒரு விசேஷம் இருந்தது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுக்குழு மற்ற விதிகளை மாற்றலாம், இதை மட்டும் மாற்றக்கூடாது. அதாவது எங்கள் பெரியப்பாவுக்கும் ஒரு ஓட்டு. ஆனால் அவர் அதைப் போட்டதே இல்லை! 2014-இல் ஜெயலலிதா போட்டியின்றித் தேர்வானார். போட்டி இல்லையென்றால் ஓட்டுப்பெட்டி எதற்கு?

2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபின் நடந்தவை உங்களுக்குத் தெரியும். சசிகலா, தர்மயுத்தம், கூவத்தூர், பிறகு 2017 ஆகஸ்டில் அணிகள் இணைப்பு. அதே செப்டம்பர் 12-இல் கூடிய பொதுக்குழு, பொதுச்செயலாளர் பதவியையே எடுத்துவிட்டு ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு பதவிகளை உண்டாக்கியது. முதலாவது ஓ.பன்னீர்செல்வம், இரண்டாவது எடப்பாடி பழனிசாமி. (எங்கள் குறிஞ்சிப்பாடி தொகுதியில் 2021-இல் பன்னீர்செல்வம் என்றால் தி.மு.க.வின் எம்.ஆர்.கே.தான். குழம்ப வேண்டாம்!)

வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதுமா, இருவரும் போட வேண்டுமா? இங்கே இரண்டாவது வகை. ஆட்சி இருந்தவரை அந்தக் கணக்கு ஓடியது. 2021 தேர்தலில் கட்சி 66 இடங்களோடு எதிர்க்கட்சி ஆனது. எதிர்க்கட்சித் தலைவர் பதவி எடப்பாடியாருக்கு, துணைத் தலைவர் பதவி ஓ.பி.எஸ்.ஸுக்கு. பங்கு போட்டுக்கொள்ள ஆட்சி இல்லாதபோது கூட்டாளிகளுக்கு வேலை குறைகிறது, சண்டைக்கு நேரம் கூடுகிறது என்பது என் கணிப்பு.

2021 டிசம்பர் 1-இல் செயற்குழு ஒரு திருத்தம் போட்டது. இரண்டு பதவிகளையும் ஒரே ஓட்டில் இணைத்து அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்களாம். தேர்தல் அறிவிப்பு வந்து, சில நாளிலேயே இருவரும் போட்டியின்றி வென்றார்கள். பெரியப்பாவின் ஓட்டு மறுபடியும் பீரோவிலேயே இருந்தது.

2022 ஜூன் 14-இல் மாவட்டச் செயலாளர்கள் கூட்டத்தில் 'ஒற்றைத் தலைமை' பேச்சு வெளிப்படையாக வந்தது. அதன் பிறகு நடந்ததை நான் வரிசையாகப் படித்தபோது, இது அரசியலா கணக்குப்பதிவியல் பாடமா என்று சந்தேகம் வந்துவிட்டது. பொதுக்குழுவுக்கு முந்தைய இரவு வழக்கு. நீதிபதி வீட்டிலேயே விடிய விடிய விசாரணை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 23 தீர்மானங்களைத் தவிர வேறு எதையும் நிறைவேற்றக்கூடாது என்று விடியற்காலையில் உத்தரவு. ஓ.பி.எஸ். தரப்பு ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் காலையில் மண்டபத்தில், பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து சி.வி.சண்முகம் மைக்கைப் பிடித்து, அந்த 23 தீர்மானங்களையும் பொதுக்குழு நிராகரிப்பதாக அறிவித்துவிட்டார். புதிதாக நிறைவேற்றத்தானே தடை? நிராகரிக்கத் தடை இல்லையே! ஓ.பி.எஸ். வெளியேறும்போது தண்ணீர் பாட்டில் பறந்தது. மொத்தம் 2,665 பொதுக்குழு உறுப்பினர்களில் 2,190 பேர் கையெழுத்திட்டு, ஒற்றைத் தலைமைக்காக மறுபடி பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள்.

இதற்குப் பிறகு எடப்பாடி தரப்பு வைத்த வாதம்தான் எனக்குப் பிடித்த இடம். டிசம்பர் திருத்தத்துக்குப் பொதுக்குழு ஒப்புதல் தரவில்லை, ஆகவே இரண்டு பதவிகளுமே காலாவதி என்றார்கள். எதிராளியின் பதவியைப் பறிக்கத் தன் பதவியையும் சேர்த்து ரத்து செய்துகொள்வது! ஓ.பி.எஸ்.ஸுக்கு எழுதிய கடிதத்தில் அவரைப் 'பொருளாளர்' என்று மட்டும் குறிப்பிட்டார் எடப்பாடியார்.

இந்த வாதத்துக்கு உடனடியாக விலை கொடுத்தவர்கள் யார் தெரியுமா? 2022 ஜூலை 9-இல் நடந்த உள்ளாட்சி இடைத்தேர்தலில் நின்ற சாதாரண வேட்பாளர்கள். இரட்டை இலை கிடைக்க ஏ படிவத்திலும் பி படிவத்திலும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ஓ.பி.எஸ். போடத் தயார் என்றார். எடப்பாடியார் போட்டால் பதவி உயிரோடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் கட்சிக்காரர்கள் சுயேச்சைச் சின்னத்தில் நின்றார்கள். நாற்பது வருடம் இலைக்கு ஓட்டுக் கேட்டவர் அன்று வேறு ஒரு சின்னத்தோடு தெருவில் நடந்திருப்பார். டிவி விவாதங்களில் இதைப் பற்றி அதிகம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஜூலை 11-இல் மறுபடி பொதுக்குழு. எடப்பாடியார் இடைக்காலப் பொதுச்செயலாளர், ஓ.பி.எஸ். நீக்கம், ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் அடிதடி, வருவாய்த் துறை சீல். ஆகஸ்ட் 17-இல் நீதிபதி ஜெயச்சந்திரன் பழைய நிலையே தொடர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். பொதுக்குழுவில் இருக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரின் விருப்பம் ஒன்றரைக் கோடி தொண்டர்களின் விருப்பம்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்பது அவர் எழுப்பிய கேள்வி. எங்கள் பெரியப்பாவின் கேள்வியும் இதுதானே! ஆனால் செப்டம்பர் 2-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 பிப்ரவரி 23-இல் உச்ச நீதிமன்றமும் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. தீர்மானங்கள் செல்லுமா என்பதற்குள் உச்ச நீதிமன்றம் போகவில்லை, அதை உரிமையியல் வழக்குக்கே விட்டுவிட்டது.

இதே கட்சியில் 1989-இல் வேறு மாதிரி நடந்தது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு ஜானகி அணி, ஜெயலலிதா அணி. இலை முடக்கம். ஜானகி இரட்டைப் புறா, ஜெயலலிதா சேவல். சட்டமன்றத் தேர்தலில் 27 இடம் சேவலுக்கு, 2 இடம் புறாவுக்கு. (சேவலில் ஜெயித்தவர்களில் ஒருவர் எடப்பாடி தொகுதியின் கே.பழனிசாமி!) ஆட்சியைத் தி.மு.க. பிடித்தது, அது பெரிய நஷ்டம். ஆனாலும் யார் தலைவர் என்பதை வாக்குச்சாவடியில் ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். பிப்ரவரியிலேயே இணைந்து, இலையை மீட்டு, மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டு இடைத்தேர்தல்களிலும் ஜெயித்தார்கள். அப்போது சண்டையைத் தீர்க்க ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆனது.

2022 சண்டை தீர்ப்பால் முடிந்தது, ஓட்டால் முடியவில்லை. 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ.பி.எஸ். சுயேச்சையாக நின்றபோது கிடைத்த சின்னம் பலாப்பழம் (பண்ருட்டிப் பக்கத்துக்காரனான எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தோஷம்). அவரைத் தவிர இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் அங்கே மனுப்போட்டிருந்தார்கள். அப்படியும் இரண்டாம் இடம் வந்தார். இரட்டை இலை மூன்றாவது. ஆனால் ஒரு தொகுதியை வைத்துக் கட்சி முழுவதும் அவர் பக்கம் என்று சொல்ல முடியாது. 2,190 கையெழுத்தும் பொய் இல்லை.

ஜூலை 11 திருத்தத்தில் பொதுச்செயலாளர் பதவி திரும்பி வந்தது, உறுப்பினர் ஓட்டும் திரும்பி வந்தது. கூடவே, போட்டியிட 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும், ஐந்து வருடம் தலைமைக் கழகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் வந்தன. 2023 மார்ச் 28-இல் எடப்பாடியார் பொதுச்செயலாளர் ஆனதாக அறிவித்தார்கள். போட்டியின்றி.

போன வாரம் இந்த விதிகளைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "முன்மொழியற பத்து பேர் போகட்டும், நம்ம ஓட்டு எப்போ?" என்றார். அட்டையைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்.