வீடும் வழியும்: சென்னை மாநகரின் குடிப்பெயர்ச்சி வரலாறு

முன்னுரை

கடற்கரை நகரங்களைப் பாடுவது தமிழ் இலக்கியத்துக்குப் பழகிய பணி. பல மொழி பேசும் மக்கள் வேற்றூர்களினின்றும் வந்து காவிரிப்பூம்பட்டினத்தில் ஒருங்கு வாழ்ந்தமையைப் பட்டினப்பாலை கூறும். சிலப்பதிகாரமோ அந்நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுத்து, கடலை ஒட்டிய பகுதியில் பரதவரும் கைவினைஞரும் வணிகரும் வாழ்ந்ததையும், அகநகரில் அரசரும் அந்தணரும் பெருங்குடியினரும் வாழ்ந்ததையும் காட்டும். இவ்விரு பாக்கங்களுக்கும் நடுவே அமைந்திருந்தது நாளங்காடி. ஒரு பாக்கத்தார் மறு பாக்கத்துக்கு நடந்தே சென்று மீளக்கூடிய நகரமைப்பு அது.

இன்றைய தமிழகத்தின் பெருங்கடற்கரை நகரமான சென்னையின் வரலாறு பெரும்பாலும் ஆளுநர்கள், கோட்டைகள், கட்டடங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்துள்ளது. யார் எங்கே குடியேறினர், எவ்வழியே வேலைக்குச் சென்றனர் எனும் இரு வினாக்களையும் ஒருங்கே வைத்து நோக்கியோர் சிலரே. ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீட்டின் விலை என்பது வாடகையோடு முடிவதில்லை. அவ்வீட்டிலிருந்து பிழைப்புக்குச் சென்று மீளும் செலவும் நேரமும் அவ்விலையில் அடங்கும். இக்கணக்கு எப்போது பொருந்தியது, எப்போது பிறழ்ந்தது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேட்டைகளின் காலம்

1639-இல் நாயக்கர்களிடம் பெற்ற நிலத்தில் ஆங்கிலேய வணிகக் குழுமம் 1640-இல் புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பத் தொடங்கியது. துணி வணிகமே அக்குழுமத்தின் உயிர்நாடி. எனவே நெசவாளரையும், துணி வெளுப்போரையும், சாயமிடுவோரையும் கோட்டைக்கு அருகில் குடியமர்த்துவது அதற்குத் தேவையாயிற்று. ஆளுநர் காலெட்டின் பெயரால் தோன்றிய காலடிப்பேட்டையும், 1734-இல் அமைந்த சிந்தாதிரிப்பேட்டையும், வண்ணாரப்பேட்டையும் இவ்வாறு எழுந்தவையே. இப்பேட்டைகளில் வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பயணம் என்றொரு செலவே அக்குடும்பங்களுக்கு இல்லை.

வேளாண்மை பொய்த்தபோதெல்லாம் மக்கள் இந்நகரை நோக்கி வந்தனர். 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பெரும்பஞ்சம் இதற்குப் பெருஞ்சான்று. பஞ்சம் பிழைக்க வந்தோருக்குக் கூலி தரும் பொருட்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைத் தாங்கிய அக்கால்வாய், விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் நகருக்குள் வரும் நெடுவழியாக நெடுங்காலம் விளங்கியது. இதே காலத்தில் பெரம்பூர்ப் பகுதியில் எழுந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. ஆலைச் சங்கு ஒலிக்கும் எல்லைக்குள் குடியிருப்பது அன்றைய வழக்கம்.

தண்டவாளம் வளர்த்த ஊர்கள்

1856-இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி புறப்பட்டது. எனினும் நகருக்குள் வாழ்வோரின் அன்றாட நடையை மாற்றியது 1895-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் வண்டியே. துறைமுகத்தையும் பாரிமுனையையும் மவுண்ட் ரோட்டையும் அது இணைத்தது. நடந்து செல்லும் தொலைவுக்கு அப்பாலும் ஓர் எழுத்தர் குடியிருக்கலாம் எனும் நிலை இதனால் தோன்றியது.

அடுத்த மாற்றம் மேற்கிலும் தெற்கிலும் நிகழ்ந்தது. 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மாம்பலத்தின் நெடிய ஏரிப்பகுதி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. நீர்நிலையைக் குடியிருப்பாக்கும் வழக்கம் பெருந்திட்டமாக வடிவெடுத்ததும் அப்போதுதான். அவ்வழக்கத்தின் விலையைப் பிற்காலத்தவர் வெள்ளங்களில் செலுத்த நேர்ந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அப்பாதையை ஒட்டிய பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய ஊர்களில் நடுத்தர வருவாயினர் மனை வாங்கத் துணிந்தனர். நகருக்குள் ஒரு சிறு பகுதியின் வாடகையைக் கொடுத்து வாழ்ந்தவர், தொலைவில் கிணறும் தென்னையும் உடைய சொந்த வீட்டுக்கு உரியவரானார். இவ்வாய்ப்பை அவருக்கு அளித்தது அவர் சட்டைப்பையிலிருந்த சீசன் டிக்கெட்டே ஆகும். வழி முன்னதாகவும் வீடு பின்னதாகவும் அமைந்த காலம் இது.

போருக்குப் பிந்திய பெருக்கம்

1942 ஏப்ரலில் ஜப்பானியர் தாக்கக்கூடும் எனும் அச்சத்தால் மக்கள் பெருந்திரளாக நகரைவிட்டு வெளியேறினர். அச்சம் நீங்கியபின் சென்றோர் திரும்பினர். அவரினும் மிகுதியாகப் புதியவர் வந்தனர். 1901-இல் ஏறத்தாழ 5 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1941-இல் 7.8 இலட்சத்தை நெருங்கியது. 1951-இலோ 14 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 1946-இல் சைதாப்பேட்டை முதலிய பகுதிகள் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டமை இவ்வுயர்வுக்கு ஒரு காரணமெனினும், குடியேற்றத்தின் பங்கு பெரிது. 1960-களில் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரும் இந்நகரின் வடபகுதிகளில் குடியமர்ந்தனர். 1969-இல் கடற்கரை நிலையத்தருகே எழுந்த பர்மா பஜார் அவ்வரவின் நினைவுச்சின்னம்.

வீடுகளோ இவ்வேகத்தில் பெருகவில்லை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரு முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடும்பங்கள் வாழும் ஒண்டுக்குடித்தனம் நடுத்தர மக்களின் வாழ்முறையாயிற்று. ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஓயாத பூசல், ஆபத்துக்கு உதவும் அண்டை வீடு ஆகிய அனைத்தும் அம்முற்றத்தில் அடங்கின. நம் சிறுகதையாளர் பலருக்கு அது கதைக்களமானதில் வியப்பில்லை. அதற்கும் வழியற்றோர் கூவத்தின் கரையிலும், கால்வாய் ஓரத்திலும், கடல் மணலிலும் குடிசை வேய்ந்தனர். அவர்கள் அவ்விடங்களைத் தேர்ந்ததில் அறியாமை இல்லை. துறைமுகமும் சந்தையும், வீட்டுவேலை தரும் தெருக்களும் அங்கிருந்து நடைதூரத்தில் இருந்தன. பயணச் செலவு இல்லாமையே அவர்தம் குறைந்த வருவாயை வாழ்க்கைக்குப் போதுமானதாக்கியது. இதற்கிடையே, நொடித்துப்போன டிராம் நிறுவனம் 1953 ஏப்ரலில் தன் வண்டிகளை நிறுத்தியது. அப்பொறுப்பு முழுவதும் பேருந்தின்மேல் விழுந்தது.

இருந்த இடத்திலேயே வீடு

1961-இல் வீட்டுவசதி வாரியமும், 1970-இல் குடிசைமாற்று வாரியமும் அமைந்தன. குடிசைமாற்று வாரியத்தின் முதற்பத்தாண்டுப் பணி வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. குடிசைகள் இருந்த இடத்திலேயே, அல்லது அதனருகிலேயே மாடிக் குடியிருப்புகள் எழுப்பப்பட்டன. மெரினாக் கடற்கரையை அடுத்த மீனவக் குப்பங்களில் எழுந்த கட்டடங்கள் இதற்குச் சான்று. அவற்றில் அறைகள் சிறியன. பராமரிப்பிலும் குறைகள் இருந்தன. எனினும் படகும் வலையும் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே இருந்தன. கூரை மாறியபோதும் குடும்பத்தின் தொழில் மாறவில்லை.

1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வேறொரு வழியைக் கண்டது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலையும் குடிநீரும் வடிகாலும் அமைத்து, சிறு மனைகள் வழங்கப்பட்டன. வீட்டைக் குடும்பத்தினர் தம் வருவாய்க்கேற்பச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டனர். அதே திட்டத்தில் பேருந்துப் போக்குவரத்துக்கும் நிதி ஒதுக்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது. 1972-இல் தோன்றியிருந்த பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகள் இப்புதிய பகுதிகளை நகரோடு இணைத்தன. வீட்டையும் வழியையும் ஒரே திட்டத்தில் வைத்து எண்ணிய அரிய தருணம் அது. அப்பகுதிகள் இன்று நகரின் பிரிக்கவியலாத அங்கங்களாகிவிட்டன.

வழியின்றி அமைந்த வீடுகள்

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் இவ்வொழுங்கு பிறழ்ந்தது. நகருக்குள் நிலத்தின் விலை ஏறிற்று. நீர்வழிகளைச் சீரமைக்கவும் பாலங்களும் பாதைகளும் அமைக்கவும் கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டன. அவற்றில் வாழ்ந்தோருக்கு 2000-ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. அங்கு மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்ச் செம்மஞ்சேரியிலும், அதன்பின் பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களிலும் இத்தகைய குடியமர்த்தல் தொடர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டோர் பலர் பெரும்பாக்கத்துக்கே அனுப்பப்பட்டனர். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம் அது. வெள்ளத்துக்கு அஞ்சி அகற்றப்பட்டோர் அங்கும் மழைநீரைக் கண்டனர்.

கண்ணகி எனும் பெயர் தமிழ் பயின்றோர் நெஞ்சில் ஒரு நகரத்திடம் நீதி கேட்டவளை நினைவூட்டும். அப்பெயர் தாங்கிய குடியிருப்பின் பெண்டிரும் நகரத்தைக் கேள்வி கேட்கும் நிலையிலேயே வைக்கப்பட்டனர். மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்துவந்த ஒரு பெண்ணின் நாளை எண்ணிப்பார்ப்போம். முன்பு விடியலில் பத்து நிமிடம் நடந்து இரு வீடுகளில் பணி முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் மூன்றாம் வீட்டுக்குச் செல்ல அவளால் இயன்றது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பப்பட்டபின் முதற்பேருந்துக்குக் காத்திருந்து, வழியில் வண்டி மாறி வருவதற்குள் காலைவேலை கைவிட்டுப் போகிறது. ஒருமுறை வீடு திரும்பினால் மாலையில் மீண்டும் வர இயலாது. மூன்று வீட்டு வருவாய் ஒரு வீட்டு வருவாயாகச் சுருங்க, பேருந்துக் கட்டணம் புதுச்செலவாகச் சேர்கிறது. அரசின் கணக்கேட்டில் அக்குடும்பம் வீடு பெற்ற குடும்பம். அடுப்படியின் கணக்கில் அது வருவாய் இழந்த குடும்பம்.

இதே காலத்தில் இதே திசையில் மற்றொரு குடிப்பெயர்ச்சியும் நிகழ்ந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் கணினி நிறுவனங்கள் எழுந்தன. மனை விலையும் வாடகையும் உயர்ந்தன. தண்டவாளமே இல்லாத அச்சாலையில் அந்நிறுவன ஊழியரை ஏற்றிச்செல்ல நிறுவனப் பேருந்துகள் வரிசையாக ஓடின. அதே சாலையில் மாநகரப் பேருந்துக்காகக் காத்துநின்றோர் கண்ணகி நகரத்தார். மறுபுறம், 2001-இல் 43 இலட்சமாக இருந்த பழைய மாநகர எல்லையின் மக்கள்தொகை 2011-இல் 46 இலட்சமாகவே உயர்ந்தது. பெருக்கமெல்லாம் புறநகர்களில் நிகழ்ந்தது. மாநகராட்சியின் பரப்பு 2011-இல் 426 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டமை இதன் விளைவே.

காலந்தாழ்ந்த தண்டவாளம்

பறக்கும் இரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997-இல் மயிலாப்பூர் வரையும், 2004-இல் திருவான்மியூர் வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் நீண்டது. பஞ்சக்காலக் கூலிகள் வெட்டிய பக்கிங்காம் கால்வாயின் வழியிலேயே அதன் தூண்கள் ஊன்றப்பட்டன. ஒரு நீர்வழியை ஒடுக்கி மற்றொரு வழி அமைந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான எஞ்சிய சில கிலோமீட்டர் பணியோ பதினைந்து ஆண்டுகள் கடந்தும் இழுபட்டது. 2015-இல் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டமாக ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளத் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. துரைப்பாக்கமும் பெரும்பாக்கமும் இத்திட்டப் பாதைகளில் இடம்பெற்றுள்ளன. கண்ணகி நகருக்கு முதற்குடும்பம் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அன்று தாயின் இடுப்பிலிருந்த குழந்தை இன்று குழந்தை பெற்றுவிட்டது.

இவ்விடையில் நிகழ்ந்த ஒரு நன்மையையும் சுட்டவேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்ய அரசு வழிசெய்தது. இதனை வெறும் சலுகையாகக் காண்பது வரலாற்றறிவு ஆகாது. தொலைவுக்கு அனுப்பப்பட்ட பெண்டிருக்கு அது வாடகைக் குறைப்பு. இழந்த கூலியில் ஒரு பகுதியின் மீட்பு. எனினும் கட்டணம் நீங்கியதால் நேரம் குறைந்துவிடாது. வராத பேருந்தில் இலவசமாகச் செல்லவும் இயலாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் உண்மைகள் மூன்று. தொழிலருகே வீடு அமைந்த காலத்திலும், தண்டவாளத்தைத் தொடர்ந்து வீடு அமைந்த காலத்திலும் எளியோரும் நடுத்தரத்தினரும் இந்நகரில் காலூன்ற முடிந்தது என்பது ஒன்று. வீட்டைத் தனியே கணக்கிட்டு வழியைப் பின்னர்ப் பார்க்கலாம் என விட்டபோது, அவ்விடைவெளியின் சுமை முழுவதும் ஏழைப் பெண்டிர் மேல் விழுந்தது என்பது இரண்டு. இரயில் வருமுன்னரே அதன் பெயரால் மனை விலை ஏறிவிடுவதால், நிலையங்களை ஒட்டிய பொதுநிலத்தில் குறைந்த வாடகை வீடுகளுக்கு இப்போதே இடம் ஒதுக்காவிடில், அடுத்த தலைமுறையின் கண்ணகி நகர் இன்னும் தொலைவில் அமையும் என்பது மூன்று.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில் பேருந்தையும் வாடகையையும் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். முற்றத்து வாழ்வும் குப்பத்து வாழ்வும் நம் எழுத்துக்கு வந்தது, அவ்விடங்களில் வாழ்ந்தோர் எழுத்தாளரின் அண்டை வீட்டாராக இருந்ததனால்தான். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பப்பட்டோர் நம் அண்டை வீட்டாராக இல்லை. அவர்தம் வாழ்வை எழுதும் கை அவர்களிடையேயிருந்தே எழுதல் வேண்டும். அக்கைக்கு மாலைக் கூட்டம் முடிந்து வீடு திரும்ப ஒரு பேருந்து தேவை. அது கிடைக்கும்வரை நம் கூட்டங்களில் சில நாற்காலிகள் காலியாகவே இருக்கும்.