தவெர்னியே சொன்ன வைரக் கணக்கு

ழான் பத்திஸ்த் தவெர்னியே 1605-இல் பாரிஸில் பிறந்தவர். நகை வியாபாரி. சுமார் நாற்பது ஆண்டுகளில் ஆறு முறை கீழைநாடுகளுக்குப் பயணம் செய்தார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கொடி நாட்டியது 1674-இல்தான். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, 1652-இல், இவர் மசூலிப்பட்டணத்தில் இறங்கி, சென்னைக் கோட்டையையும் பார்த்துவிட்டுக் கண்டிக்கோட்டை வழியாகக் கோல்கொண்டா போயிருக்கிறார். 1676-இல் பாரிஸில் வெளிவந்த அவருடைய பயண நூல் பழைய பிரெஞ்சு நடையில் இருக்கும். எழுத்துக்கூட்டல் கண்ணைக் குத்தும். லிசேயில் படித்த எங்களுக்கே நாலு பக்கம் தாண்டினால்தான் பிடிபடும்.

அந்த நூலில் வைரத்தின் விலையை நிர்ணயிக்கும் கணக்கு ஒன்றுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஐரோப்பாவில் வெகு சிலருக்கே தெரிந்த ரகசியம் என்று தலைப்பிலேயே பீற்றிக்கொள்கிறார். கணக்கு என்னவோ சுலபம்தான். கல்லின் எடையை அதே எடையால் பெருக்க வேண்டும். வருவதை அந்தத் தரத்தில் ஒரு காரட் கல் என்ன விலையோ அதனால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர் காட்டும் உதாரணம் இது. குற்றமில்லாத 12 காரட் கல். பன்னிரண்டு பன்னிரண்டு 144. அந்தத் தரத்தில் ஒரு காரட் 150 லிவ்ர். ஆகவே விலை 21,600 லிவ்ர். அடுத்து, குறையுள்ள 15 காரட் கல். பதினைந்து பதினைந்து 225. இந்தத் தரத்துக்கு ஒரு காரட் 80 லிவ்ர்தான். விலை 18,000. மூன்று காரட் பெரிய கல், ஆனால் 3,600 லிவ்ர் மலிவு!

மூன்று காரட்டுக்குக் கீழே உள்ள கற்களை அவர் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவற்றின் விலை எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறார். இன்றைய கடைக்காரர்களும் இப்படிப் பெருக்கிப் பார்த்து விலை சொல்வதில்லை. ஆனாலும் எடை ஏற ஏற விலை நேர்க்கோட்டில் ஏறாது, தாவி ஏறும் என்பது சின்னக் கல்லுக்கும் பொருந்தும்.

இந்தப் புத்தகத்தை நான் மறுபடி எடுத்ததற்குக் காரணம் என் பேரன். பெண் வீட்டார் இரண்டு தலைமுறையாக பிரான்ஸில் இருப்பவர்கள். நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் போடுவது அவர்கள் வழக்கம். "தாத்தா, ஒரு காரட்டுக்குக் குறைஞ்சா நல்லா இருக்காதாம். பி.எஃப். பணத்தை எடுத்துடலாமான்னு பார்க்கிறேன்" என்றான் போனில். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆன பிள்ளை.

அவனுக்குக் கணக்கைத்தான் சொன்னேன். வட்டமாகப் பட்டை தீட்டிய ஒரு காரட் கல்லின் அகலம் சுமார் ஆறரை மில்லிமீட்டர். இரண்டு காரட் கல் சுமார் 8.1 மில்லிமீட்டர். தவெர்னியே முறையில் விலை நாலு மடங்கு, விரலில் தெரிவதோ கால் பங்கு கூடுதல். கீழே இறங்கிப் பார்த்தாலும் அப்படித்தான். 0.90 காரட் கல் சுமார் 6.2 மில்லிமீட்டர். ஒரு காரட் கல்லோடு சேர்த்து வைத்தால் ஒழிய வித்தியாசம் தெரியாது. ஆனால் முழு ஒரு காரட் என்று சொல்லிக்கொள்ள முடிகிற கல்லுக்குக் கடையில் விலை சட்டென்று ஏறிவிடும். அந்தச் சொல்லுக்குக் கொடுக்கிற பணம் கல்லில் தெரியாது.

எடைக்கு அடுத்தது நீரோட்டம். ஐரோப்பாவில் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறோம், இந்த நாட்டிலோ இரவில் பார்க்கிறார்கள் என்று தவெர்னியே வியக்கிறார். சுவரில் ஓர் அடிச் சதுரத்துக்கு ஒரு மாடம், அதில் தடித்த திரி போட்ட விளக்கு. அந்த வெளிச்சத்தில் கல்லை விரல்களுக்கிடையே பிடித்துக் குற்றம் தேடுவார்கள். நீலம் ஓடுகிறதா என்று பார்க்க வேறு வழி. அடர்ந்த மரத்தின் கீழே போய் இலைகளின் பச்சை நிழலில் பார்த்தால் நீலம் காட்டிக்கொடுத்துவிடும். இதெல்லாம் அன்றைக்கே பழைய வித்தை. மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் சிலப்பதிகார ஊர்காண் காதையிலேயே வைரத்தின் குற்றங்கள் பேசப்படுகின்றன.

நீலம் என்றதும் நம் வீட்டுப் பெரியம்மாக்களின் ப்ளூ ஜாகர் தோடு நினைவுக்கு வராமல் இருக்காது. ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. அங்கே கிடைத்த சில கற்கள் வெயிலில் இலேசாக நீலம் காட்டும். அதற்காகவே இங்கே கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். இப்போது உலகச் சந்தையில் தலைகீழ். நல்ல நிறமுள்ள கல்லில் இந்த நீல ஒளிர்வு பலமாக இருந்தால் விலையைக் குறைக்கிறார்கள். கல் பால்போல மங்கித் தெரியாதவரை அது வாங்குகிறவனுக்கு லாபம்தான். பேரனிடம் இதையும் சொன்னேன்.

பட்டை தீட்டுவதில்தான் இரண்டு நாட்டுப் புத்தியும் பிரிகிறது. கல் சுத்தமாக இருந்தால் நம் ஆட்கள் மேலும் கீழும் இலேசாகச் சாணை பிடித்ததோடு சரி, எடை குறைந்துவிடுமே என்ற கவலை. குறை இருந்தால் அதை மறைக்க ஏராளமான பட்டைகள் போடுவார்கள். ஆகையால் பட்டை அதிகமான கல்லைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். பாரிஸ்காரர்கள் நேர்மாறு. தவெர்னியே கொண்டுபோய்ப் பதினான்காம் லூயிக்கு விற்ற நீல வைரம் இன்றைய காரட் கணக்கில் சுமார் 115. அரசர் 1673-இல் அதைப் புதிதாகத் தீட்டச் செய்தார். மிஞ்சியது சுமார் 69. ஒளிக்காக எடையை வெட்டி எறிந்தார்கள். புரட்சிக் காலத்தில், 1792-இல், அது திருட்டுப் போனது. பிறகு இன்னும் சிறிதாக்கப்பட்டு, இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் ஹோப் வைரமாக இருப்பது அதுதான், 45.52 காரட். இந்த விஷயத்தில் நான் பாரிஸ் கட்சி. நன்றாகத் தீட்டாத பெரிய கல் கண்ணாடிச் சில்லு மாதிரி கிடக்கும். சான்றிதழில் எடை, நிறம், சுத்தம், தீட்டு என்று நாலு இருந்தால் தீட்டில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நிறத்தில் இரண்டு மூன்று படி இறங்கலாம், மஞ்சள் தங்கத்தில் பதித்தால் தெரியாது.

இத்தனை சம்பளம் மோதிரத்துக்கு என்று யார் விதித்தார்கள்? அமெரிக்காவில் இரண்டு மாதச் சம்பளம், ஜப்பானில் மூன்று மாதம் என்று விளம்பரத்தில் சொல்லிப் பரப்பியது டி பீர்ஸ் கம்பெனி. சாஸ்திரம் ஒன்றும் இல்லை. இப்போது ஆய்வுக்கூடத்தில் செய்யும் வைரமும் வந்துவிட்டது. அதுவும் அதே கார்பன்தான், வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலை பல மடங்கு குறைவு. திரும்ப விற்கிற எண்ணம் இல்லையென்றால் அதிலும் தவறில்லை என்பது என் கட்சி. பேரனுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. முக்கால் காரட்டில், தீட்டு நன்றாக உள்ள சுரங்கக் கல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். பி.எஃப். பணம் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

தவெர்னியே புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியில் இருந்த ராவல்கொண்டா சுரங்கத்து ஊரில், தினமும் காலையில் வியாபாரிகளின் பிள்ளைகள் ஒரு பெரிய மரத்தடியில் வந்து உட்காருவார்கள். பத்து வயது முதல் பதினாறு வரை இருக்கும். இடுப்பில் ஒரு பக்கம் எடைக்கற்கள், இன்னொரு பக்கம் பணப்பை. யாராவது வைரம் கொண்டுவந்தால் மூத்த பையன் கையில் கொடுப்பார்கள். அவன் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் தருவான். கல் கைமாறி ஒரு சுற்று வந்து அவனிடமே சேரும்வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகுதான் அவன் விலை பேசுவான். அதிகம் கொடுத்து ஏமாந்தால் நஷ்டம் அவனுடையது. மாலையில் வாங்கியதையெல்லாம் தரம் பிரித்துப் பெரிய வியாபாரிகளிடம் விற்று லாபத்தைப் பங்கு போடுவார்கள். மூத்தவனுக்குக் கால் சதவீதம் கூடுதல்.

அந்தப் பையன்களின் பையில் ஐந்நூறு, அறுநூறு வராகன் வரை இருக்குமாம். அதே அத்தியாயத்தில், அந்தச் சுரங்கத்தில் பூமியைத் தோண்டிச் சலித்துக் கல்லை எடுத்த, தொழில் நன்றாகத் தெரிந்த ஆளுக்குக் கூலி எவ்வளவு என்றும் எழுதியிருக்கிறார். வருடத்துக்கு மூன்று வராகன். அறுநூறை மூன்றால் வகுத்துப் பார்த்தேன். இருநூறு வருடம்.