பட்டியும் பீடமும்: புல்மோட்டையிலிருந்து நோக்கும் மிருக வைத்தியக் கல்வி வரலாறு

இலங்கையின் பழைய வரலாற்றை எழுதப் புகுந்தோர் மன்னரின் போர்களையும் குளங்களின் அணைகளையும் விரித்துரைத்தனர். அக்குளங்களின் நீரைப் பெற்ற வயல்களை மிதித்துச் சேறாக்கிய எருமையையும், சூட்டை மிதித்து நெல்லைப் பிரித்த மாட்டையும் பற்றி அவர்கள் ஓரிரு வரிகளே எழுதினர். எனவே அவ்விலங்குகளின் நோயைத் தீர்க்கும் கல்வி இந்நாட்டில் எப்போது தோன்றியது, யாருக்காகத் தோன்றியது, யார் அதனைக் கற்றனர் என்னும் வினாக்கள் வரலாற்று மாணவரின் கவனத்தைப் பெறாது போனதில் வியப்பில்லை. நோய் பட்டியிலே தோன்றுகிறது. அதனைப் பற்றிய அறிவு பீடத்திலே வளர்கிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வாறு உண்டாயிற்று, எந்த அளவிற்குக் குறைக்கப்பட்டது என்பதே மிருக வைத்தியக் கல்வி வரலாற்றின் மையப் பிரச்சினை எனலாம். இதனைத் தலைநகரிலிருந்து நோக்குவதிலும் புல்மோட்டை போன்ற எல்லைப்புற ஊரொன்றிலிருந்து நோக்குவது பயன்தரும்.

புல்மோட்டை: நிலமும் பட்டியும்

திருகோணமலை மாவட்டத்தின் வடமுனையில், குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில், கடலை ஒட்டி அமைந்தது புல்மோட்டை. வடக்கே கொக்கிளாய்க் களப்பு. தெற்கே திரியாய், குச்சவெளி, நிலாவெளி எனத் தொடரும் கரையோரம். மேற்கே காடும் பழைய குளங்களும். யான் ஓயா இப்பகுதியிலேயே கடலைச் சேர்கிறது. மாவட்டத்தின் தலைநகருக்குச் செல்லும் கரையோரத் தெருவின் கழிமுகங்கள், பாலங்கள் அமையும் வரை, 'பாதை' எனப்பட்ட மிதவைகளாலேயே கடக்கப்பட்டன.

வெளியுலகம் புல்மோட்டையை அறிந்தது அதன் மணலால் ஆகும். இல்மனைற்று, றூற்றைல், சிர்க்கோன் ஆகிய கனியங்கள் செறிந்த கருமணலைப் பயன்படுத்துவதற்கென 1957ஆம் ஆண்டிலே கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. கடற்கரை மணலின் ஒவ்வொரு பிடியிலும் எக்கனியம் எவ்வளவு உண்டென விஞ்ஞானம் அளந்து கூறியது. ஆனால் அம்மணலுக்கு அப்பால், காட்டோரத்தில் மேய்ந்த மாடுகளின் உடலில் எந்நோய் உண்டென அளப்பதற்கு விஞ்ஞானம் அத்துணை விரைவாக வரவில்லை. ஏற்றுமதியாகும் பொருளை நாடிச் செல்லும் அறிவு, உள்ளூர் மக்களின் சீவனோபாயத்தை நாடிச் செல்லத் தாமதிப்பது குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளின் பொதுவான அனுபவமே.

வரண்ட வலயத்தின் கால்நடை வளர்ப்பு மலைநாட்டுத் தொழுவ முறையினின்றும் வேறுபட்டது. பெரும்போக விதைப்பின்போது மாடுகளும் எருமைகளும் வயல்வெளியிலிருந்து அகற்றப்பட்டுக் காட்டோரப் பட்டிகளுக்கு ஓட்டிச் செல்லப்படும்; அறுவடை முடிந்ததும் அவை அரிதாள் மேயத் திரும்பும். பட்டிக்காரன் ஒவ்வொரு மாட்டையும் குறிசுட்ட அடையாளத்தால் அறிவான். பாலுக்கும் எருவுக்கும் உழவுக்கும் அப்பால், மாடு அவனுக்கு வங்கியும் ஆகும். திருமணமோ, மருத்துவச் செலவோ, பிள்ளையின் கல்வியோ வந்துற்றால் ஒரு மாடு விற்கப்படும். ஆகவே பட்டியில் நோய் புகுதல் என்பது சேமிப்பு முழுவதும் ஒரு கிழமையில் அழிவதாகும்.

நோய்க்கு மருந்து அறியாதவரல்லர் நம் முன்னோர். 'மாட்டு வாகடம்' என்னும் வகையைச் சார்ந்த நூல்கள் தமிழில் ஏட்டிலும் அச்சிலும் வழங்கின. குறியிடம் அறிந்து சூடுபோடுதல், மூலிகைச் சாறு பருக்குதல், முறிந்த காலுக்குக் கட்டுப்போடுதல் ஆகியன கைமுறையாகத் தலைமுறைதோறும் கையளிக்கப்பட்டன. காயத்தையும் வயிற்றுப் பொருமலையும் ஓரளவு எதிர்கொண்ட இவ்வறிவு, கண்ணுக்குப் புலப்படாத கிருமியால் மந்தை மந்தையாக மாடுகள் மடிந்தபோது செயலற்று நின்றது. நவீன மிருக வைத்தியம் தோன்றிய இடமும் அதுவே.

கொள்ளைநோய் பெற்றெடுத்த கல்வி

உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரி 1761ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரிலே குளோட் பூர்ஜலா என்பவரால் நிறுவப்பட்டது. அக்காலத்து ஐரோப்பாவின் மந்தைகளை வெக்கை நோய் எனப்படும் ரிண்டர்பெஸ்ட் அழித்துக் கொண்டிருந்தமை அதன் தோற்றத்திற்கு முக்கிய காரணமாயிற்று. இலண்டனில் இத்தகைய கல்லூரி 1791இல் எழுந்தது. இந்தியாவில் லாகூர், பம்பாய் ஆகிய நகரங்களிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலும், சென்னையில் 1903இலும் கல்லூரிகள் அமைந்தன. வேப்பேரியிலுள்ள சென்னைக் கல்லூரி 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பைத் தொடங்கியது.

இலங்கையிலும் நிலைமை இதுவே. கொழும்பு - கண்டிப் புகையிரதப் பாதை 1867இல் திறக்கப்படும் வரை, மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் காளை வண்டிகளாலேயே துறைமுகத்தை அடைந்தது. மாட்டுக் கொள்ளைநோய் பரவியபோதெல்லாம் வண்டிகள் நின்றன, கூலி ஏறியது, தோட்டத்துரைமாரின் முறைப்பாடும் எழுந்தது. ஆட்சியாளர் மாட்டு நோயைக் கவனித்தமைக்குக் குடியானவனின் இழப்பு மட்டும் காரணமன்று என்பது இதனாற் பெறப்படும்.

1909ஆம் ஆண்டில் விலங்குகளின் தொற்றுநோய்க் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் காலத்து நடைமுறையை அறிய அம்பாந்தோட்டை ஒரு சான்றாகும். 1908 முதல் 1911 வரை அங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப், வெக்கை நோய் பரவியபோது மாடுகளைக் கட்டி வைக்குமாறு கட்டளையிட்டார், கட்டாது திரிந்தவற்றையும் நோயுற்றவற்றையும் சுடுவித்தார், தாமும் சுட்டார். நோயின் பரவலைத் தடுக்க அன்று வேறு வழி அரிது. எனினும் அவர் நாடிய நன்மையை மக்கள் கொடுமையாகவே கண்டனர். கட்டி வைத்த மாட்டிற்குப் புல்லும் நீரும் எங்கே கிடைக்கும் என்ற அவர்களுடைய வினாவிற்குச் சட்டத்தில் விடையில்லை. மொழியும் வாழ்வும் அறியாத ஒருவர் கையில், சரியான விஞ்ஞானமும் தண்டனையாகவே தோன்றும் என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க உதாரணமாகும். வைத்தியனும் மந்தைக்காரனும் ஒருவரையொருவர் நம்பாவிடத்து நோய் நீங்காது என்னும் உண்மை இங்கே முதன்முறையாகத் தெளிவாகிறது.

பேராதனைப் பீடம்

இந்நாட்டவர் மிருக வைத்தியராக விரும்பினால் இந்தியாவுக்கோ பிரித்தானியாவுக்கோ செல்ல வேண்டியிருந்த நிலை 1947இல் மாறத் தொடங்கியது. 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டிலே கொழும்பில் மிருக வைத்தியக் கல்வியை ஆரம்பித்தது. பின்னர் அது பேராதனைக்கு இடம்மாறி, விவசாயக் கல்வியோடு இணைந்து வளர்ந்து, காலப்போக்கில் தனிப் பீடமாயிற்று. பட்டம் பெற்றோர் தொழில் புரிவதை ஒழுங்குபடுத்த 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டமும், மாடுகளின் பதிவு, குறிசுடல், விற்பனை முதலியவற்றை ஒழுங்குபடுத்த 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் வந்தன. பீடத்திற்கு அயலே கன்னொருவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

இக்கல்வியின் தன்மை சிறிது விளக்கத்தக்கது. மனித வைத்திய மாணவன் ஓர் உடலைக் கற்கிறான். மிருக வைத்திய மாணவன் பசு, எருமை, ஆடு, குதிரை, நாய், கோழி எனப் பல உடல்களை ஒப்பிட்டுக் கற்க வேண்டும். நான்கு அறைகளையுடைய அசைபோடும் இரைப்பையும், ஓர் அறையே உள்ள குதிரையின் இரைப்பையும் ஒரே விதிக்கு அடங்கா. உடலமைப்பியல், உடற்றொழிலியல் ஆகியவற்றில் தொடங்கி, நோயியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், மருந்தியல் வழியாகச் சத்திர சிகிச்சை, இனப்பெருக்கம், பொதுச் சுகாதாரம் வரை படிப்பு விரிகிறது. இவற்றிற்கெல்லாம் மேலாக, இங்கு நோயாளி பேசுவதில்லை. எங்கே நோகிறது எனக் கூறாத விலங்கின் நோயை, அதனைத் தினமும் பார்ப்பவனின் வாய்மொழியிலிருந்தே வைத்தியன் அறிய வேண்டும். 'மாடு நேற்றிலிருந்து அசைபோடவில்லை' என்று பட்டிக்காரன் கூறும் ஒரு வாக்கியம் ஆய்வுகூட அறிக்கைக்கு நிகரானது. ஆதலால் மந்தைக்காரனின் மொழியை அறிதல் இத்தொழிலில் நோயறிதலின் ஒரு பகுதியே.

பீடம் அமைந்த இடமோ ஈரலிப்பான மலைநாடு. அயலிலே கலப்பினக் கறவைப் பசுக்களும் தொழுவங்களும் உண்டு. வரண்ட வலயத்தின் பட்டிகளோ தொலைவிலே இருந்தன. எனினும் இத்தூரத்தைக் கடந்த ஆய்வுகளும் உண்டு. மழைக்காலத் தொடக்கத்தில் எருமைகளைச் சில மணி நேரத்திலேயே கொல்லும் தொண்டை அடைப்பான் நோயைப் பற்றி எம். சி. எல். டி அல்விஸ் நிகழ்த்திய ஆய்வுகள் உலகளாவிய மதிப்பைப் பெற்றன. அவர் அந்நோயைப் பற்றி எழுதிய நூல் 1999இல் அவுஸ்திரேலியாவில் வெளியாயிற்று. புல்மோட்டை போன்ற இடங்களின் எருமைப் பட்டிகளுக்குரிய நோய், உலக அறிவுக்கு இலங்கை வழங்கிய பங்காக மாறியமை பெருமைக்குரியது. தூரம் கடக்க முடியாததன்று என்பதற்கு இதுவே சான்று.

கற்க வந்தோர் யார்?

இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. சுயமொழிக் கல்வி தொடர்ந்தது. கிராமத்துப் பிள்ளை தமிழிலே உயிரியல் கற்று உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற வழி பிறந்தது. ஆயினும் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துறைக் கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. மேலும், பின்தங்கிய பிரதேசப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாமையால், உயர்தர விஞ்ஞானம் கற்க நகரங்களை நாடவேண்டிய நிலை நீடித்தது. வசதியற்ற குடும்பத்திற்கு அதுவே முதலாவது தடையாயிற்று.

1970களின் தரப்படுத்தல் இவ்விடத்திற் கூறப்பட வேண்டியது. மொழிவாரியாகப் புள்ளிகளைச் சமப்படுத்தியமை தமிழ்மொழி மூல மாணவருக்கு அநீதி இழைத்தது. அதன் அரசியல் விளைவுகள் நாடறிந்தவை. 1974இல் வந்த மாவட்டப் பங்கீட்டு முறையோ இருமுகம் கொண்டது. யாழ்ப்பாண மாவட்டத்து மாணவர் பலரின் வாய்ப்பைச் சுருக்கிய அதே முறை, திருகோணமலை போன்ற மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக வாயிலைச் சிறிது திறந்தது. திருகோணமலை கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகவும் பின்னர் கணிக்கப்பட்டது. எனினும் மாவட்டத்திற்குக் கிடைக்கும் இடம், மாவட்டத்தின் கடைக்கோடி ஊருக்கும் கிடைக்கும் என்பதில்லை. நகரத்துப் பாடசாலைக்கும் காட்டோரப் பாடசாலைக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வை மாவட்டச் சராசரி மறைத்துவிடுகிறது.

மீண்டு வந்த வெக்கை

தூரத்தின் விலை எத்தகையது என்பதை 1987ஆம் ஆண்டு காட்டிற்று. தடுப்பூசியாலும் கட்டுப்பாட்டாலும் வெக்கை நோய் இலங்கையினின்றும் ஒழிக்கப்பட்டு நாற்பதாண்டுகள் கடந்திருந்தன. அந்நோய்க்கு ஆளாகித் தப்பிய மாடு ஒன்றேனும் அன்று உயிரோடில்லை; எனவே மந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தியும் இல்லை. 1987 யூலை உடன்படிக்கையை அடுத்து வந்த இந்திய அமைதி காக்கும் படையின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு நோய் மீண்டும் நாட்டினுட் புகுந்தது என்பதே ஆய்வாளரின் கருத்து. அப்போது பிரித்தெடுக்கப்பட்ட வைரசு, ஆடுகளில் எவ்வாறு தொற்றுகிறது என்பதை அறியும் ஆய்வுக்குப் பின்னர் உட்படுத்தப்பட்டது.

போர்க்காலத்திலே இந்நோய் பரவியமை அதன் கொடுமையைப் பெருக்கிற்று. 1984இன் இறுதியிலேயே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய அயற்கிராம மக்கள் இடம்பெயர்ந்திருந்தனர். உரிமையாளர் அகன்றபின் மாடுகள் கட்டாக்காலிகளாயின. வீதித் தடைகளும் காட்டின் அச்சமும் நிலவிய நாளில் தடுப்பூசியைக் குளிரூட்டிய பெட்டியில் எடுத்துச் சென்று பட்டி பட்டியாக ஏற்றுதல் எளிதன்று. ஊரை அறிந்த, மொழியை அறிந்த வைத்தியர் எத்துணை அவசியம் என்பது அந்நாளிலே புலனாயிற்று. இலங்கையில் அந்நோயின் இறுதித் தோற்றம் 1994இல் நிகழ்ந்தது. 2011இல் உலகினின்றே அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் அடியோடு ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவேயாகும். வால்டர் பிளவ்ரைட் கண்ட தடுப்பூசி அவ்வெற்றிக்கு அடித்தளமாயிற்று. ஆனால் அதனை மாட்டின் உடலிற் செலுத்தியவை பெயரறியாத கைகளே.

2009 மார்ச்சில், வன்னியிலிருந்து கடல்வழியே கொண்டுவரப்பட்ட காயமுற்ற மக்களுக்காக இந்திய மருத்துவக் குழு புல்மோட்டையில் வைத்தியசாலை அமைத்தது. மனிதருக்குக் கப்பல் வந்தது. அவர்கள் விட்டுவந்த மாடுகளுக்குக் கணக்கில்லை. மீளக்குடியேறியோர் பலர் தம் மந்தையைப் பூச்சியத்திலிருந்தே தொடங்கினர்.

அழிந்த நோய்க்குப் பின்னும் சோதனைகள் ஓயவில்லை. 2020இல் தோற்கழலை நோய் வடக்கிலே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. 2022 டிசம்பரில் வீசிய கடுங்குளிர் காற்றினாலும் மழையினாலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தன. மேய்ச்சல் தரைகள் சுருங்கி, மெலிந்து நின்ற மாடுகளே குளிருக்கு எளிதில் இரையாகும். எனவே மிருக வைத்தியனின் கடமை ஊசியோடு முடிவதில்லை. நிலத்தின் பிரச்சினையையும் அவன் அறிதல் வேண்டும்.

முடிவுரை

கொள்ளைநோயிற் பிறந்த இக்கல்வி, தோட்டப் பொருளாதாரத்தின் தேவையால் இந்நாட்டினுட் புகுந்து, சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் சுதேசப் பீடமாக வேர்கொண்டது. அப்பீடத்தின் அறிவு உலகத் தரமுடையது என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வறிவின் பயன், பேராதனைக்கும் புல்மோட்டைக்கும் இடையேயுள்ள நெடுந்தொலைவை அது எவ்வாறு கடக்கிறது என்பதிலேயே தங்கியுள்ளது. அம்பாந்தோட்டையில் துப்பாக்கி தோற்ற இடத்தில், பட்டிக்காரனின் சொல்லைக் கேட்டு விளங்கும் வைத்தியன் வெல்வான். பட்டிகள் நிறைந்த ஊரின் பிள்ளை அப்பீடத்திற் சேர்வது தனியொருவரின் முன்னேற்றம் மட்டுமன்று. நோய் தோன்றும் இடத்தையும் அறிவு வளரும் இடத்தையும் இணைக்கும் பாதையும் அதுவே. அப்பாதை ஒருவழிப் பாதையாகாது, கற்றவர் பட்டிக்குத் திரும்பும் வழியாகவும் அமைய வேண்டும். அதற்கான முதற்பணி, காட்டோரப் பாடசாலையிலே ஓர் உயிரியல் ஆசிரியரை நிறுத்துவதாகும். எஞ்சிய வரலாறு அவ்வகுப்பறையிலிருந்தே எழுதப்படும்.