இசையை அளக்கும் கோல் எது?



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியெங்கும் மானாவாரிக் கரிசல் நிலம். அப்பகுதிப் பள்ளியொன்றில் இளம் ஆசிரியனாக இருந்தபோது நான் செய்த பிழையொன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலியியல் பாடவேளையில், நன்கு பாடும் மாணவி ஒருத்தியைத் தன் தாயிடம் கற்ற தாலாட்டைப் பாடச் செய்தேன். சுரமானிக் கம்பியின் கட்டையை நகர்த்தி அவள் குரலோடு பொருத்திப் பார்த்தேன். ஒரே சுரம் ஒவ்வொரு முறையும் சற்றே விலகி நின்றது. “சுருதி சேரவில்லையம்மா” என்றேன். அதன்பின் அவள் வகுப்பில் பாடவேயில்லை.

பிழை குரலினதா, கோலினதா? இவ்வினாவின் பின்னே நெடிய வரலாறு உண்டு.

ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்பது பழைய இலக்கண நூல்களின் கொள்கை. ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பின்னர்ச் சித்த மருத்துவராய்த் தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் இதனை மறுத்தார். கம்பியின் மூன்றில் இரு பங்கை மீட்டினால் பஞ்சமம் பிறக்கும். தமிழர் அதனை இளி என்றனர். அவ்வாறு பன்னிரு முறை ஏறினால் ஏழு ஸ்தாயி கடந்து தொடங்கிய சுரத்தையே அடைய வேண்டும். அதிர்வெண் 128 மடங்காக வேண்டிய இடத்தில், கணக்கோ ஏறத்தாழ 129.75 மடங்கு எனச் சிறிது மிஞ்சுகிறது. ஆகவே, ஸ்தாயியை 24 சம அலகுகளாகப் பகுப்பதே முறை என்றார் அவர். 1916இல் பரோடா இசை மாநாட்டில் தம் மகளிரைப் பாடச் செய்து தம் கருத்தை விளக்கினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார்.

ஈழத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளோ 22 அலகையே கொண்டார். அவர் இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரி. நம் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தையும் கணிதத்தையும் இயற்பியலையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். துறைகள் பலவும் ஒருவரிடத்தே கைகோத்த அரிய காட்சி அது!

இருவரும் பேரறிஞர், கணக்கோ வேறு. எது மெய்? 1963இல் ஜைரஸ்பாய், ஸ்டோன் என்னும் இருவர் வட இந்தியக் கலைஞர்தம் இசையைக் கருவிகொண்டு அளந்து, முடிவுகளை இலண்டனில் வெளியிட்டனர். ஒரே சுரம் கலைஞர்க்குக் கலைஞர் மாறியது; ஒருவர் வாசிப்பினுள்ளேயே இடத்திற்கு இடம் மாறியது. ஆயினும், கேட்போர் செவி அதனை அதே சுரமென்றே ஏற்றது! கம்பி அதிர்வை அளக்கிறது. மனமோ முன்னும் பின்னும் நிற்கும் சுரங்களோடு உறவு வைத்துப் பொருள் கொள்கிறது. கணக்கு அச்சுரத்தின் இருப்பிடத்தைக் காட்டும். அதன் அசைவை அறியச் செவியும் வேண்டும்.

இதனை நான் படித்தறிந்தபோது அம்மாணவி பள்ளியை விட்டுச் சென்று பல்லாண்டுகள் ஆகியிருந்தன. அன்று நான் அவளைத் திருத்தியிருக்கக் கூடாது, “இவ்விடத்தில் குரலை ஏனம்மா இழைக்கிறாய்?” என்று கேட்டிருக்க வேண்டும். நாளை உங்களுள் எவரேனும் நுண்கருவியோடு எங்கள் கரிசற்காட்டிற்கு வருவீராயின், கருவியை இயக்குமுன் அவ்வினாவைப் பாடுபவரிடம் கேளுங்கள். நான் கேளாது விட்டதை நீங்களாவது கேளுங்கள்.